தென்கரைக்கு எழுதிய பக்கங்கள்

நாள் 1. மணி 18:20
சொற்கள் 1,702. புதுமை 82.

வெளியே வெப்பநிலை கழித்தல் 179. காற்று மெல்ல வீசுகிறது. ஏரியில் அலை இல்லை. கரையோர உணர்கருவிகள் பன்னிரண்டும் ஒழுங்காகத் தரவு அனுப்புகின்றன. மாதத்தின் முதல் நாள் என்பதால் காற்று வடிகட்டிகளை மாற்றினேன். புதிதாக வந்த பெட்டியைப் பிரித்தாயிற்று. தென்கரையிலும் அதே வேலை முடிந்தது.

இதைப் பின்னால் வந்து படிப்பவருக்கு: என் பெயர் இசக்கி. டைட்டனில் ஒரு மீத்தேன் ஏரியின் வடகரை நிலையத்தில் தனியாக இருக்கிறேன். எதிர்க்கரையில், நூற்று நாற்பது கிலோமீட்டர் தள்ளி, தென்கரை நிலையம். அங்கே ரோசாலி அக்கா தனியாக இருக்கிறார். இருவருக்கும் சேர்த்து ஒரே ஊர்தி. அது தென்கரையில் சங்கிலி அறுந்து கிடக்கிறது.

ஆண்டுக்கு ஒருமுறை எங்களுக்கும் பூமிக்கும் நடுவில் சூரியன் வந்து நிற்கும். அப்போது பூமியின் குரல் வராது. இந்த முறை ஆறாம் நாளிலிருந்து இருபத்தாறாம் நாள் வரை. மற்ற நாட்களில் டாக்டர் மெகருன்னிசா எங்களோடு தினமும் பேசுவார். பேச்சைக் கேட்டே எங்கள் மூளை சரியாக இருக்கிறதா என்று சொல்லிவிடுவார். இந்த மாதத்தில் அவருக்குப் பதிலாக ஒரு நாவல்.

முப்பது நாளில் ஐம்பதாயிரம் சொற்கள். ஒரு நாளைக்கு 1,667. இது பொழுதுபோக்கு இல்லை. இங்கே இருப்பவர்களுக்குச் சொற்கள் மறந்து உதிர்வதுண்டு; முன்பு மூன்று பேருக்கு அப்படி ஆயிற்று. அதனால் எழுதியதை மாலை ஆறு மணிக்குள் வாசிப்பானிடம் கொடுக்க வேண்டும். வாசிப்பான் என்பது ஒரு பொறி. பக்கத்தைப் படித்து, அதில் எவ்வளவு புதிது என்று நூற்றுக்கு மதிப்பெண் போடும். மூன்று நாள் தொடர்ந்து நாற்பதுக்குக் கீழே போனால் நம்மை உறக்கப் பேழையில் படுக்க வைத்துவிடும். ஒரே நாளில் பத்துக்குக் கீழே போனால் அந்த நிமிடமே கதவுகளைப் பூட்டிப் படுக்க வைக்கும். அடுத்த குழு வந்துதான் எழுப்பும்.

இந்த நாட்குறிப்பை வாசிப்பான் படிக்காது. அது எனக்கு ஒரு நிம்மதி. யாராவது படிப்பார்கள் என்று தெரிந்தால் எனக்குக் கை ஓடாது.

நாள் 3. மணி 18:35
சொற்கள் 1,690. புதுமை 81.

கதை எழுதத் தெரியாது. கட்டுரை எழுதத் தெரியும். பரீட்சையில் கூடுதல் தாள் வாங்கி வாங்கி எழுதிய கை இது. பதினாறு பக்கம் எழுதினால் பதினாறு பக்கத்துக்கும் ஏதாவது கிடைக்கும் என்பதுதான் எனக்குத் தெரிந்த ஒரே இலக்கியக் கொள்கை.

என் நாவலில் செண்பகவல்லி என்றொரு பெண் தண்ணீர் லாரி ஓட்டுகிறாள். ரோசாலி அக்காவின் நாவலில் ஒரு கள்ளன் கடற்கரை ஊர்க் கோயிலின் மணியைத் திருடுகிறான். மாலையில் வானொலியில் எண்ணிக்கையைச் சொல்லிக்கொள்வோம். எழுதியதையும் அனுப்பிக்கொள்வோம்.

தென்கரை: "ஏட்டி இசக்கி, எத்தனை?"
வடகரை: "ஆயிரத்து அறுநூத்தித் தொண்ணூறு அக்கா."
தென்கரை: "நான் ரெண்டாயிரம். உன் லாரிக்காரி மூணு நாளா டயரையே பாத்துக்கிட்டு நிக்கா. ஓட்டச் சொல்லுட்டி அவள."
வடகரை: "அடுத்து என்ன நடக்கும்னு தெரியலக்கா."
தென்கரை: "தெரியலன்னா யாரையாவது சாவடி. ஒரு சாவுக்கு மூவாயிரம் சொல்லு வரும். அழுகைக்கு ஆயிரம், பந்தலுக்கு ஆயிரம், சொத்துச் சண்டைக்கு ஆயிரம்."

சிரித்தேன். அவர் சொன்னதில் வேறு சில நல்ல யோசனைகள்: எழுதியதைத் திரும்பப் படிக்காதே. வாக்கியத்தைப் பாதியில் விட்டு எழுந்திரு, மறுநாள் தொடங்க எளிது. ஐந்நூறு சொல்லுக்கு ஒரு துண்டு கடலைமிட்டாய், முன்கூட்டியே தின்னக் கூடாது.

நாள் 5. மணி 17:50
சொற்கள் 1,711. புதுமை 82.

பூமியின் கடைசிச் செய்திகள் வந்தன. இனி இருபத்தொரு நாள் கிடையாது.

டாக்டர்: "ரெண்டு பேரும் நல்லா எழுதுங்கம்மா. மதிப்பெண் குறைஞ்சா பயப்படாதீங்க, மறைக்காதீங்க. இருபத்தேழாம் தேதி பேசுவோம்."

அப்பா: "நீ கத எழுதுறியாமே. அதுக்கா அம்புட்டுத் தூரம் போன? இங்க உக்காந்து எழுதுனா ஆவாதா? சரி, எழுது. தலைப்புல உன் பேர முழுசாப் போடு. பட்டத்தையும் போடு."

தாலுகா அலுவலகத்தில் முதல் பட்டதாரிச் சான்றிதழ் வாங்க அப்பா நான்கு நாள் கூலியை விட்டு நின்றார். பட்டத்தைப் போடாவிட்டால் விடமாட்டார்.

நாள் 8. மணி 18:40
சொற்கள் 1,667. புதுமை 77.

சரியாக 1,667. கடைசி முப்பது சொற்கள் பெயரடைகள்தான்.

காலை முழுவதும் உட்கார்ந்தே இருந்தேன். ஜன்னலில் ஆரஞ்சு நிறப் புகைமூட்டம். எட்டு நாளாக அதே வெளிச்சம். செண்பகவல்லி எதற்கு லாரி ஓட்டுகிறாள், யாருக்காக, ஒன்றும் புரியவில்லை. விட்டுவிடலாம் என்று தோன்றியது. விட்டால் பேழை. அந்த எண்ணம் வந்ததும் கை தானாக எழுதியது. பயம்தான் என்னை உட்கார வைக்கிறது.

நாள் 10. மணி 18:30
சொற்கள் 1,705. புதுமை 78.

ரோசாலி அக்காவின் இன்றைய அத்தியாயத்தில் கள்ளன் மணியைத் திருடினான். அவன் அதை இரண்டாம் நாளே திருடிவிட்டான்.

வடகரை: "அக்கா, மணிதான் ஏற்கெனவே கெணத்துக்குள்ள கெடக்கே?"
தென்கரை: "கெடக்கா?"

எழுதியதைத் தேடி விசைகளைத் தட்டும் சத்தம் கேட்டது.

தென்கரை: "சரி, ரெண்டாவது மணின்னு வச்சுக்கோ. பெரிய கோயிலு."

சிரித்தார். அவர் சிரிப்பு எனக்குத் தெரியும். இது வேறு மாதிரி, கொஞ்சம் தாமதமாக வந்தது. அவர் மதிப்பெண்ணைக் கேட்டேன். ஐம்பத்தொன்று என்றார்.

நாள் 13. மணி 18:45
சொற்கள் 1,698. புதுமை 76.

அக்காவுக்கு நேற்று 38. இன்று 35. நாளையும் நாற்பதுக்குக் கீழே போனால் பேழை.

தென்கரை: "இசக்கி, நான் தூங்க மாட்டேன். முந்தி இங்க தூங்கப் போன மூணு பேரும் பேச்சில்லாமத்தான எந்திரிச்சாங்க. உனக்குத் தெரியும்ல?"
வடகரை: "தெரியும்க்கா."
தென்கரை: "என் மவ ஆக்னஸுக்கு எட்டு வயசு. நான் போய் இறங்கும்போது அவ பேரு என் வாயில வரணும். பேசுறதுல எனக்கு ஒரு குத்தமும் இல்ல பாரு. எப்பவும் போலத்தான பேசுதேன்? கததான் வர மாட்டேங்கு. கத வராததுக்கு ஒரு மனுசிய படுக்கப் போட்டுருவாங்களா?"
வடகரை: "டாக்டர் மறைக்காதீங்கன்னு சொன்னாங்க அக்கா."
தென்கரை: "டாக்டரு இருபத்தேழாந் தேதிதான் வருவா. ஒரு பதினாலு நாளு. நீ எனக்கும் சேத்து எழுதிக் குடுட்டி. நான் அத அப்படியே குடுத்துருதேன். வாசிப்பானுக்கு யாரு கைன்னு தெரியவா போவுது?"

எனக்கு இல்லை என்று சொல்ல வராது. அவர் பேசுவதில் உண்மையாகவே ஒரு குறையும் இல்லை. யோசிக்கிறேன் என்று சொல்லி வானொலியை அணைத்தேன்.

நாள் 14. மணி 18:25
சொற்கள் 3,390. இரண்டு பேருக்கும் சேர்த்து. புதுமை: எனக்கு 74, அவருக்கு 75.

எழுதிக் கொடுத்துவிட்டேன்.

கல்லூரியில் கடைசிப் பருவத் தேர்வில் மாடத்தி எனக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தாள். பேனா முனையால் என் முதுகைத் தொட்டாள். நான் விடைத்தாளை இடப்பக்கம் நகர்த்தி, முழங்கையை எடுத்துக்கொண்டேன். எங்கள் விடுதியில் இதற்குத் திருட்டு என்று பெயர் இல்லை. பேப்பர் காட்டாதவளோடுதான் யாரும் பேசமாட்டார்கள். மாடத்தி தேறினாள். அவள் வீட்டில் எனக்குச் சேலை எடுத்துக் கொடுத்தார்கள்.

வாசிப்பான் ஒரு கண்காணிப்பாளர். அக்கா தேற வேண்டும். அவ்வளவுதான் நான் நினைத்தது.

காலையில் முதல் வேலையாக அக்காவின் பக்கங்களை எழுதி 'தென்கரை' என்று பெயரிட்டு வைக்கிறேன். பிறகு என்னுடையதை 'வடகரை' என்று. ஐந்தரைக்கு அவருடையதை அனுப்புகிறேன். செய்தி வந்த மணி அங்கே ஒலிக்கும். அவர் அதை எடுத்து வாசிப்பானிடம் கொடுப்பார்.

கள்ளனின் கதை எனக்கு என் கதையை விட எளிதாக வருகிறது.

நாள் 17. மணி 18:30
சொற்கள் 3,402. புதுமை 67, 68.

விரல்கள் வலிக்கின்றன. இருபத்தைந்து நிமிடம் எழுதி ஐந்து நிமிடம் நடக்கிறேன். அறை பதினோரு அடி. ஒரு நாளில் நானூறு முறை.

தென்கரை: "அந்த இது எங்க வச்சேன் இசக்கி? திருகுறது. கையில புடிச்சுத் திருகுறது."
வடகரை: "ஸ்பேனரா அக்கா?"
தென்கரை: "ஆமா. அதான். ஊர்திச் சங்கிலிய மாட்டலாம்னு பாத்தேன்."

பொறிகளைப் பழுதுபார்க்கும் தொழிலில் பதினெட்டு வருடம் இருந்தவர். அந்தச் சொல்லுக்கு நான் தேவைப்பட்டேன். நாளை எழுதிக் கொடுக்காமல் விடலாமா என்று யோசித்தேன். விட்டால் பேழை, பேழை என்றால் பேச்சே இல்லை. இப்போது ஒரு சொல்தானே போயிருக்கிறது?

நாள் 19. மணி 18:50
சொற்கள் 3,371. புதுமை 58, 59.

என் மதிப்பெண்ணும் இறங்குகிறது. இரட்டை வேலையின் களைப்பு என்று நினைக்கிறேன். அக்காவின் பக்கங்களும் என் கைதானே, அவையும் கூடவே இறங்குகின்றன.

இன்று என்னை எழுத வைத்தது கடலைமிட்டாய் இல்லை. அது நேற்றே தீர்ந்தது. 'நீ எழுதாவிட்டால் அவர் ஊமையாவார்' என்று ஒரு தாளில் எழுதித் திரைக்கு மேலே ஒட்டினேன். நன்றாக வேலை செய்கிறது. அதைப் பார்க்கும்போதெல்லாம் கை ஓடுகிறது.

நாள் 22. மணி 17:55
சொற்கள் 3,340. புதுமை 51, 50.

அக்கா தினமும் மகளின் குரல் பதிவைக் கேட்பார். இன்று அதை வானொலியில் எனக்கும் கேட்க வைத்தார். "அம்மா, எனக்குப் பல்லு விழுந்துட்டு, கடல்ல போட்டேன்" என்று ஒரு சின்னக் குரல். பதிவு முடிந்தது.

தென்கரை: "யாருட்டி இந்தப் பிள்ள?"

வானொலியின் ஒலியைக் கூட்டினேன்.

தென்கரை: "நல்லாப் பேசுது. யாரு வீட்டுப் பிள்ள?"
வடகரை: "ஆக்னஸ் அக்கா. உங்க மக."
தென்கரை: "உங்க மக."

என் குரலில், என் இழுப்போடு சொன்னார்.

பாத்திரத்தில் வைத்த தண்ணீரைக் குடிக்கப் போனேன். பாதியில் வைத்துவிட்டேன். பயமாக இருக்கிறது. பூமியிடம் பேசும்வரை தாக்குப் பிடித்தால் போதும். ஐந்து நாள். டாக்டரிடம் எல்லாவற்றையும் சொல்லிவிடுவேன்.

நாள் 24. மணி 18:15
சொற்கள் 3,334. புதுமை 47, 46.

நான் சொல்வதன் கடைசிப் பகுதியைத்தான் அவர் திருப்பிச் சொல்கிறார்.

வடகரை: "சாப்பிட்டீங்களா அக்கா?"
தென்கரை: "டீங்களா அக்கா."
வடகரை: "தண்ணியாவது குடிங்க."
தென்கரை: "குடிங்க."

ஆனால் ஐந்தரைக்கு நான் அனுப்பியதும் அவர் எழுந்து போய்ப் பொத்தானை அழுத்துகிறார். நிலையங்களுக்கு இடையிலான கேமராவில் பார்க்கிறேன். மணி ஒலிக்கிறது, எழுகிறார், நான்கு எட்டு வைக்கிறார், அழுத்துகிறார், திரும்புகிறார். பத்து நாள் பழக்கம். உடம்பு மறக்கவில்லை.

அங்கே வாசிப்பான் நாற்பத்தாறு போட்டு, ரோசாலி நலம் என்று பச்சை விளக்கைக் காட்டுகிறது. அந்த விளக்கைப் பார்க்க முடியவில்லை.

நாள் 26. மணி 18:10
சொற்கள் 3,334. புதுமை 43, 42.

நாளை பூமி.

அக்கா இன்று பேசவே இல்லை. கேமராவின் முன்னால் நின்று என்னைப் பார்த்துக்கொண்டே இருந்தார். நான் கையைத் தூக்கினால் தூக்கினார்.

நாள் 27. மணி 09:10

காலையில் அக்காவின் பக்கத்தைத் தொடங்கவில்லை. என் அத்தியாயம் தானாக வந்தது, அதனால் அதை முதலில் எழுதினேன். செண்பகவல்லி கடைசித் தெருவுக்கு லாரியைக் கொண்டுவந்துவிட்டாள். இந்த மாதத்திலேயே இவ்வளவு சுலபமாக எழுதியது இல்லை. தடங்கலே இல்லை. ஒரு மணி நேரத்தில் 1,680 சொற்கள். எழுத்தாளர்களுக்கு இப்படித்தான் இருக்கும் போல. பயம் கூட ஒரு மணி நேரம் விலகி இருந்தது.

நாள் 27. மணி 10:15

பூமி பேசியது. கேட்டதை அப்படியே எழுதுகிறேன்.

டாக்டர்: "ரோசாலி, இசக்கி, கவனமாக் கேளுங்க. புதுசா அனுப்பின வடிகட்டிப் பெட்டியில கோளாறு. அதிலிருந்து கசியற ஒரு வாயு மூளையில மொழியத் தொடுது. உடனே பழைய வடிகட்டிக்கு மாறுங்க. முந்தின மூணு பேர் விஷயமும் இப்பதான் தெளிவாச்சு. அவங்களுக்கும் இதே மாதிரிப் பெட்டிதான் வந்திருக்கு. தூக்கத்தினால அவங்க பேச்சு போகல. பக்கங்களை மாத்திக் குடுத்து மறைச்சு, தாமதமாப் படுத்ததால போச்சு. சீக்கிரம் படுத்தா மூளை தன்னைச் சரி பண்ணிக்கும். கதை எழுதற திறன்தான் முதல்ல போகும். பேச்சும் தினக்குறிப்பும் கடைசியிலதான் போகும், அதனால பேச்சை நம்பாதீங்க. மதிப்பெண் அம்பதுக்குக் கீழ இருந்தா இன்னைக்கே படுங்க. மதிப்பெண்களை அனுப்புங்க."

பக்கங்களை மாற்றிக் கொடுத்து.

எல்லாவற்றையும் சொல்லி அனுப்பினேன். பதின்மூன்று நாளாகத் தென்கரையின் பக்கங்கள் என்னுடையவை, அக்காவுக்கு இப்போது ஒரு சொல்லும் இல்லை என்று. இது போய்ச் சேர எண்பது நிமிடம். பதில் வர இன்னும் எண்பது.

நாள் 27. மணி 10:31

அக்கா வெளிக்கதவு அறையில் இருக்கிறார். வாரம் ஒருமுறை வெளியே போய் ஆன்டெனாவைத் துடைக்கும் நாள். உடம்பு அதையும் மறக்கவில்லை. உடுப்பு போட்டாயிற்று. தலைக்கவசம் மாட்டுகிறார். காற்றுக்குழாயை மாட்டவில்லை. அது பின்னால் தொங்குகிறது.

வடகரை: "அக்கா! குழாய்! பின்னால குழாய்! வெளிய போகாதீங்க!"
தென்கரை: "போகாதீங்க."

சொல்லிக்கொண்டே கதவின் சக்கரத்தைப் பிடிக்கிறார். அறையின் காற்று வெளியேற இருபது நிமிடம் ஆகும். அதன் பிறகுதான் கதவு திறக்கும்.

இங்கிருந்து அந்தக் கதவைப் பூட்ட எனக்கு அதிகாரம் இல்லை. பூமிக்கும் நேரம் இல்லை. அந்தக் கதவைப் பூட்டக்கூடியது ஒன்றுதான் இருக்கிறது. வாசிப்பான். பத்துக்குக் கீழே ஒரு பக்கம் போக வேண்டும்.

நாள் 27. மணி 10:40

ஒரு மாதமாக நன்றாக எழுது, நன்றாக எழுது என்று என்னை ஓட்டினேன். இப்போது தோற்கிற விடைத்தாள் வேண்டும். 1,667 சொல்லுக்குக் குறைந்தால் வாசிப்பான் வாங்கவே வாங்காது. கள்ளன் கிணற்றில் இறங்கும் ஒரு பத்தியை எடுத்து நாற்பது முறை ஒட்டினேன். சேமித்தேன். 'தென்கரை'யைத் தேர்ந்து அனுப்பினேன்.

அங்கே மணி ஒலித்தது. தலைக்கவசத்துக்குள் கேட்டிருக்க வேண்டும். அக்கா சக்கரத்தில் கை வைத்தபடி நின்றார்.

நின்றார்.

எழுதுகிறேன், ஏனென்றால் எழுதாவிட்டால் கத்துவேன். நின்றுகொண்டே இருக்கிறார். காற்று பாதிக்கு மேல் போய்விட்டது.

திரும்பினார். சுவரில் இருக்கும் சின்னத் திரைக்கு வந்தார். கையுறை விரலால் அழுத்தினார்.

நாள் 27. மணி 10:49

தென்கரை வாசிப்பான்: புதுமை 7. வெளிக்கதவு பூட்டப்பட்டது. அறைக்குக் காற்று திரும்புகிறது. உறக்க வாயு திறக்கப்பட்டது.

அக்கா கதவைத் தட்டினார். உள்கதவு, வெளிக்கதவு, இரண்டையும். பிறகு கேமராவைப் பார்த்தார். மூன்று நாளாக நான் சொல்லாத எதையும் அவர் சொன்னதில்லை.

தென்கரை: "பயமா."

அது என்னுடைய சொல் இல்லை. அவருடையது. ஒன்று மிச்சம் இருந்திருக்கிறது.

கூரையிலிருந்து தூக்கும் இயந்திரக் கை வந்து அவரைப் பேழைக்குக் கொண்டுபோனது. மூடி இறங்கியது. இதயத்துடிப்பு சீராக இருக்கிறது. நான் தரையில் உட்கார்ந்து அழுதேன்.

நாள் 27. மணி 13:05

டாக்டரின் பதில் வந்தது.

டாக்டர்: "இசக்கி, நீ சொன்னதைக் கேட்டேன். இப்ப உன்னைத் திட்ட நேரம் இல்ல, அப்புறம் வச்சுத் திட்டறேன். ரோசாலியை எப்படியாவது படுக்க வை. அப்புறம் நீ இன்னைக்கு எழுதின பக்கத்தை எனக்கு அனுப்பு. நீயும் அதே காத்தைத்தானம்மா சுவாசிக்கறே."

அழுது முடித்ததுமே பழைய வடிகட்டியை மாட்டியிருந்தேன். பக்கத்தை அனுப்பப் போனேன்.

நாள் 27. மணி 13:20

அனுப்பியது போகக் கோப்புறையில் மிச்சம் இருப்பது 'வடகரை' என்ற ஒரே கோப்பு. திறந்தேன். கள்ளன் கிணற்றில் இறங்குகிறான். நாற்பது முறை.

காலையில் என் அத்தியாயத்தை முதலில் எழுதினேன். முதலில் எழுதுவதைத் 'தென்கரை' என்றும் அடுத்ததை 'வடகரை' என்றும் சேமிப்பது பதின்மூன்று நாள் பழக்கம். விரல்கள் அப்படியே செய்திருக்கின்றன. அவசரத்தில் நான் திறந்து பார்க்கவில்லை.

நான் அனுப்பியது தோற்கிற விடைத்தாள் இல்லை. வாசிப்பான் ஏழு போட்டது செண்பகவல்லிக்கு. இந்த மாதத்திலேயே நான் சுலபமாக எழுதிய அத்தியாயத்துக்கு.

நேற்று 43. இன்று 7.

அனுப்பிய பிரதியைத் திறந்து படித்தேன். வாய்விட்டும் படித்தேன். கடைசித் தெரு வருகிறது. தண்ணீர் வருகிறது. குடங்களோடு பெண்கள் வருகிறார்கள். எனக்குக் கண் கலங்குகிறது. டாக்டருக்கு அனுப்பியிருக்கிறேன்.

நாள் 27. மணி 16:20

டாக்டர்: "இசக்கி, கண்ணு. பேழைக்குப் போ. இப்பவே போ. பக்கத்தைத் திரும்பப் படிக்காத. உனக்கு அது நல்லாத்தான் தெரியும். நீ இன்னும் குறிப்பு எழுதறே, பேசறே, நேரம் இருக்கு. ஆனா ரொம்ப இல்ல. நீயாப் போக பயமா இருந்தா அந்தப் பக்கத்தை உன் வாசிப்பான்கிட்ட குடுத்துடு. மிச்சத்தை அது பாத்துக்கும்."

நாள் 27. மணி 17:35

பேழையின் அருகில் போய் இரண்டு முறை திரும்பி வந்துவிட்டேன்.

இன்னும் மூன்று நாள்தான். நாற்பத்தையாயிரம் தாண்டிவிட்டேன். இன்று பக்கமே கொடுக்காமல் விடலாம்; வெறும் நாளுக்கு வாசிப்பான் உடனே படுக்க வைக்காது. கதையை முடித்துவிட்டுப் படுக்கலாம். இப்படித்தானே அந்த மூன்று பேரும் நினைத்திருப்பார்கள். அக்காவும்.

இதைப் படிப்பவருக்கு. இரண்டு கரையிலும் ஒவ்வொருவர் படுத்திருக்கிறோம். தென்கரையில் இருப்பவர் ரோசாலி. அவர் மகள் பெயர் ஆக்னஸ். அவர் பேசாவிட்டால் அது என்னால். எழுப்பியதும் எங்களிடம் பெயர் கேட்காதீர்கள். முதலில் தண்ணீர் கொடுங்கள், அது கொடுக்கிற அதில்.

என் அத்தியாயத்தின் தொடக்கத்தை இங்கே ஒட்டுகிறேன். நீங்களே பாருங்கள்.

"செண்பகவல்லி வண்டியை வண்டியில் ஏற்றினாள். தெரு தண்ணீர் தெருவாக இருந்தது. அவள் அதை எடுத்து அதன் அதில் வைத்தாள். குடம் வந்தது, குடம் சொன்னது, குடத்துக்கு ஆமாம். பெண்கள் அது போல அவள் போல நின்று நின்றாக. தண்ணீர் ஆமாம் என்று தண்ணீர்."

மூன்று முறை படித்துவிட்டேன். எங்கே தவறு என்று தெரியவில்லை. ஒவ்வொரு வாக்கியமும் சரியாக இருக்கிறது.

என் கண்ணை நம்பவா, அந்த ஏழு மதிப்பெண்ணை நம்பவா?

நாள் 27. மணி 18:00

கொடுத்துவிட்டேன்.

நாள் 27. மணி 18:01

புதுமை 7. கதவு பூட்டியது. இரண்டாவது கதவும். இனிப்பான ஒரு வாசனை வருகிறது, அதுதான் அந்த இது. கை மேலே இருந்து இறங்குகிறது. பயமாக இருக்கிறது. இந்தச் சொல் இன்னும் எனக்கு வருகிறது, பயம், பயம், எழுதி வைக்கிறேன். அப்பாவிடம் சொல்லுங்கள், தலைப்பில் பெயர் முழுசாக

நன்றாகத்தான் இருந்தது நான் எழுதியது